தொடுவானம் எத்தனை கிலோமீட்டர்?

தமிழில் சில சொற்களைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் யாரோ பெயர் வைத்த மாதிரி இருக்கும். 'தொடுவானம்' அப்படி ஒரு சொல். வானம் வந்து கடலைத் தொடுகிற மாதிரித் தெரியும் இடம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், வடிவியல் பாடத்தில், 'தொடுகோடு' என்று ஒன்று வரும். வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டு, உள்ளே நுழையாமல் நேராகப் போய்விடும் கோடு. இந்த இரண்டு சொற்களிலும் 'தொடு' இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

மெரினாவில் அலை காலை நனைக்கும் இடத்தில் நின்றுகொண்டு கடலைப் பாருங்கள். தூரத்தில் கடல் முடிந்து வானம் தொடங்குகிற அந்தக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் 20 கிலோமீட்டர் என்பார், 50 என்பார், சிலர் 'அதெல்லாம் அந்தமான் வரைக்கும் போகும்' என்பார்கள். சராசரி உயரமுள்ள ஒருவருக்கு விடை, நான்கரை கிலோமீட்டர். கலங்கரை விளக்கத்திலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ ஓடும் தூரம்கூட இல்லை. மணலில் உட்கார்ந்துவிட்டால் சுமார் 3 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும்.

இந்த நான்கரை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வருடமும் லட்சக்கணக்கான பிள்ளைகள் பொதுத்தேர்வில் வரைகிற ஒரு படத்திலிருந்துதான்.

எட்டு மார்க் படம்

தமிழ்நாடு பத்தாம் வகுப்பு கணக்குத் தேர்வில் கடைசிப் பகுதி பெற்றோருக்குக்கூடத் தெரியும். வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. தலா 8 மதிப்பெண், மொத்தம் 16. 'இந்தப் பதினாறையும் விட்டுடாதே' என்று சொல்லாத கணக்கு டீச்சர் இல்லை. அந்த வடிவியல் கேள்வியில் அடிக்கடி வருவது, வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைவது.

செய்முறை பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆரம் 3 செ.மீ. வைத்து வட்டம் வரை. மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வை. இரண்டையும் இணை. அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரைந்து நடுப்புள்ளியைக் கண்டுபிடி. அந்த நடுப்புள்ளியில் கவராயத்தை ஊன்றி, மையம் வழியாகப் போகும்படி இன்னொரு வட்டம் போடு. இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள்தான் தொடுபுள்ளிகள். வெளிப்புள்ளியிலிருந்து அவற்றுக்குக் கோடு இழுத்து அளந்தால் 4 செ.மீ. வரும். 'சரிபார்த்தல்' என்று தலைப்புப் போட்டு, பிதாகரஸ் தேற்றத்தில் 25-லிருந்து 9-ஐக் கழித்து, 16-க்கு வர்க்கமூலம் எடுத்து, 4 என்று எழுதி, அடிக்கோடு போட்டால் வேலை முடிந்தது.

இதில் பலருக்கும் பதில் தெரியாத கேள்வி ஒன்று உண்டு. நடுவில் எதற்கு அந்த இன்னொரு வட்டம்? அரைவட்டத்துக்குள் அமையும் கோணம் எப்போதும் செங்கோணம். அந்த இரண்டாவது வட்டத்தின் விட்டம், மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைக்கும் கோடுதான். ஆகவே அதன் மேல் எங்கே புள்ளி வைத்தாலும் அங்கே 90 டிகிரி கிடைக்கும். தொடுகோட்டுக்குத் தேவை அந்த 90 டிகிரி. தொடுபுள்ளிக்கு வரும் ஆரமும் தொடுகோடும் எப்போதும் செங்குத்தாக இருக்கும்.

ஏன் செங்குத்து? தேற்றத்தின் எண்ணைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். தொடுகோட்டில் தொடுபுள்ளியைத் தவிர மற்ற எல்லாப் புள்ளிகளும் வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அப்படியென்றால் அவை எல்லாமே மையத்திலிருந்து ஓர் ஆரத்தைவிட அதிகத் தூரத்தில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கிட்டத்தில் இருப்பது தொடுபுள்ளி. ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் எப்போதும் செங்குத்தாகத்தான் இருக்கும். வீட்டு வாசலில் நின்று எதிரே போகும் நேர் சாலையை யோசித்துப் பாருங்கள். சாலைக்குக் குறுக்குவழி, நேர் எதிரே நடப்பது. சாய்வாக நடந்தால் தூரம் கூடும். அதேதான் இங்கேயும்.

இப்போது அந்த நோட்டுப் படத்தைக் கடலுக்கு எடுத்துப் போகலாம். 3 செ.மீ. வட்டத்துக்குப் பதில் பூமி. அதன் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். வெளிப்புள்ளி, கடற்கரையில் நிற்பவரின் கண். அது பூமியின் மேற்பரப்பிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து கடலை நோக்கிப் பல கோடுகள் வரையலாம். கொஞ்சம் கீழே சாய்த்தால் கோடு தண்ணீரில் குத்தும். கொஞ்சம் மேலே தூக்கினால் எதையும் தொடாமல் வானத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாய்வில் கோடு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும். அதுதான் தொடுகோடு. அது தொடும் இடம்தான் தொடுவானம். அதற்கு அப்பால் இருக்கும் தண்ணீரெல்லாம் பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

கணக்கும் அதே 25-லிருந்து 9-ஐக் கழிக்கும் கணக்குத்தான். ஆரத்தோடு உயரத்தைக் கூட்டி வர்க்கம் எடுத்து, ஆரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். பூமியோடு ஒப்பிட்டால் மனிதனின் உயரம் தூசு என்பதால் கணக்கு மிகவும் எளிதாகிவிடும். இரண்டு மடங்கு ஆரத்தை உயரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். அதைவிடச் சுலபமான வழியும் உண்டு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் வந்துவிடும். 1 மீட்டர் உயரத்துக்கு 3.57 கி.மீ. 4 மீட்டருக்கு 7.14. 9 மீட்டருக்கு 10.7. 100 மீட்டருக்கு 35.7.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். மூன்று மடங்காக வேண்டுமென்றால் ஒன்பது மடங்கு. உயரம் ஏற ஏறக் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகிறது. கடலோரத்தில் விளக்குக் கட்டியவர்களுக்கு இது எப்போதுமே தொல்லைதான்.

நான்கு கலங்கரை விளக்கங்கள்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், ஏணி சாத்திய உயரமான மாடத்தில் இரவில் தீ மூட்டி, கடலில் போகும் கலங்களைத் துறைக்கு அழைக்கும் காட்சி இருக்கிறது. அந்த மாடத்தைக் கட்டியவர்கள் தொடுகோட்டுத் தேற்றம் எழுதி வைத்தார்களா என்பது முக்கியமில்லை. விளக்கு உயரத்தில் இருந்தால்தான் தூரத்துக் கலத்துக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாமல்லபுரத்தில் பாறை மேல் நிற்கும் பல்லவர் காலத்து ஒலக்கணேஸ்வரர் கோயிலும் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் இன்றைய கலங்கரை விளக்கம் நிற்கிறது.

சென்னைக்கு இதுவரை நான்கு கலங்கரை விளக்கங்கள். முதலாவது 1796-ல், கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் எரிந்த எண்ணெய் விளக்கு. இரண்டாவது 1844-ல், இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் தனியாக நிற்கும் கல்தூண். சுமார் 125 அடி உயரம். மூன்றாவது 1894-ல், உயர் நீதிமன்றத்தின் மிக உயரமான குவிமாடத்தின் உச்சி. அது சுமார் 175 அடி. நான்காவது 1977-லிருந்து மெரினாவில் நிற்கும், முக்கோண வடிவச் சிவப்பு வெள்ளைக் கட்டடம். அதன் விளக்கு கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் கல்தூண் விளக்கின் தொடுவானம் ஏறக்குறைய 22 கி.மீ. குவிமாடம் 26. மெரினா 27. அதாவது 1844-லிருந்து இன்று வரை உயரத்தை ஒன்றரை மடங்காக்கிக் கிடைத்த கூடுதல் தூரம் 5 கிலோமீட்டர். விளக்கின் வெளிச்சம் எத்தனையோ மடங்கு பெருகியிருக்கும். தொடுகோட்டுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

சென்னை கலங்கரை விளக்கத்தின் வீச்சு 28 கடல் மைல் என்று குறிப்பிடப்படுகிறது. கிட்டத்தட்ட 52 கிலோமீட்டர். விளக்கின் தொடுவானமோ 27-தான். மீதி எங்கே போயிற்று? ஒரு பகுதியைப் பார்ப்பவரின் கண் கொடுக்கும். கரையிலிருக்கும் விளக்கு ஒரு வெளிப்புள்ளி, படகில் இருப்பவரின் கண் இன்னொரு வெளிப்புள்ளி. இரண்டையும் இணைக்கும் பார்வைக்கோடு நடுவில் எங்கோ ஓரிடத்தில் கடலைத் தொட்டுச் செல்ல வேண்டும். அந்த இடத்திலிருந்து விளக்கு 27 கி.மீ. ஃபைபர் படகில் நிற்பவரின் கண் 2 மீட்டர் உயரம் என்று வைத்தால், அவர் பக்கம் 5 கி.மீ. இரண்டும் சேர்ந்து 32. காற்று ஒளியைப் பூமியின் வளைவுப் பக்கமாகச் சற்றே வளைப்பதால் இன்னும் 8 சதவிகிதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆக, 35 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு.

52 கிலோமீட்டரிலிருந்து அந்த விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால், கண் சுமார் 35 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் மாலுமிக்கு அது சாத்தியம். ஃபைபர் படகுக்காரருக்கு அந்த 28 கடல் மைலில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் சொந்தம். விளக்கு நேராகத் தெரிவதற்கு முன்பே, மேகமும் ஈரக்காற்றும் இருக்கும் இரவுகளில், தொடுவானத்துக்கு மேலே அதன் வெளிச்சம் சுழன்று மினுக்குவதைக் கடலுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அது விளக்கு இல்லை, விளக்கின் சிதறல். அதுவும் ஓர் அடையாளம்தான்.

பகலில் விளக்குக்குப் பதில் கோபுரங்கள். மாமல்லபுரத்தை அந்தக் காலத்து ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு பகோடாக்கள்' என்றுதான் அழைத்தார்கள். நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி, அதாவது 40 மீட்டர். கட்டுமரத்தில் நிற்பவருக்கு அதன் உச்சி 27 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தலைகாட்டத் தொடங்கும். கரையின் மணலும் குடிசைகளும் தெரிவதற்கு வெகு நேரம் முன்பே உச்சி தெரிந்துவிடும். போகும்போது முதலில் கரை மறையும், பிறகு தென்னை, கடைசியில் உச்சி. எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை வைத்தே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடும் அனுபவசாலிகள் கடலோர ஊர்களில் உண்டு.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வீடியோவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தொடுவானத்தில் மறைந்துபோன கப்பலை ஒருவர் கேமராவில் ஜூம் செய்து 'திரும்பக் கொண்டுவந்து', பூமி தட்டையானது என்று நிரூபிப்பார். ஒரு கப்பல் இரண்டு காரணங்களால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ரொம்பச் சின்னதாகிவிட்டால் தெரியாது. அதை ஜூம் மீட்டுவிடும். தொடுகோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாலும் தெரியாது. அதை எந்த லென்ஸும் மீட்காது. தூரத்துக் கப்பலை ஜூம் செய்து பாருங்கள். அடிப்பாகம் தண்ணீருக்குள் அமிழ்ந்த மாதிரி, மேல்தளம் மட்டும் பெரிதாகத் தெரியும். அந்த வீடியோக்களையே நிதானமாகப் பார்த்தால், பலவற்றில் கப்பலின் அடிப்பாகம் கடைசிவரை திரும்பி வரவே வராது.

ஒரு மலை, ஒரு மாடி

ஆரம் தெரிந்தால் தொடுவானத்தின் தூரம் கிடைக்கிறது. அப்படியென்றால் தொடுவானத்தை வைத்து ஆரத்தைக் கண்டுபிடிக்கலாமே? ஆயிரம் வருடங்களுக்கு முன்பு ஒருவர் அதைச் செய்துவிட்டார். கஜினி முகமதுவின் காலத்தில் இந்தியாவுக்கு வந்த அறிஞர் அல்-பிரூனி. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் நந்தனா என்ற மலைக்கோட்டை இருக்கிறது. அதன் எதிரே பரந்த சமவெளி. முதலில் சமவெளியில் நின்று மலையின் உயரத்தை அளந்தார். பிறகு மேலே ஏறி, தூரத்தில் நிலமும் வானமும் சேரும் கோடு, கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். 34 நிமிடக் கோணம். ஒரு டிகிரியில் 60 நிமிடம் என்பதால், அரை டிகிரிக்குச் சற்று மேல். மலையின் உயரம், இந்தக் கோணம், தொடுகோடும் ஆரமும் செங்குத்து என்ற உண்மை. இந்த மூன்றை வைத்து மொத்தப் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டுவிட்டார்.

அவர் பயன்படுத்திய முழத்தின் நீளத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அவருடைய விடை கொஞ்சம் முன்னே பின்னே போகும். எப்படி எடுத்தாலும் ஆச்சரியமூட்டும் அளவுக்கு நெருக்கமான விடை. அதே நேரம், இந்த வழி ரொம்ப நாசூக்கானது. கோணத்தில் ஒரே ஒரு நிமிடம் தவறினால் பூமியின் ஆரம் 350 கிலோமீட்டருக்கு மேல் பெருத்துவிடும், அல்லது இளைத்துவிடும். காற்று ஒளியை வளைக்கும் சமாசாரம் வேறு இருக்கிறது. அதனால் அவர் கண்டெடுத்த எண்ணைவிட, ஒரு மலை போதும் என்று அவருக்குத் தோன்றியதுதான் பெரிய விஷயம். அவருக்கு முன்பு பூமியை அளந்த கிரேக்கர்கள் தூரதூரமாக இருந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே தூரம் அளக்க வேண்டியிருந்தது.

மலைக்குப் பதில் மாடி இருந்தாலும் இதே கதைதான். துபாயின் புர்ஜ் கலிஃபா கட்டடத்தின் உயர்ந்த மாடியில் இருப்பவருக்கு, தரையில் இருப்பவரைவிடத் தொடுவானம் தள்ளிப்போகிறது, கீழே இறங்குகிறது. அதனால் அவருக்குச் சூரியன் தாமதமாக மறைகிறது. 2011 ரமலான் மாதத்தில் துபாய் மார்க்க அறிஞர்கள் இதற்கென்றே வழிகாட்டுதல் தந்தார்கள். 80-வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க 2 நிமிடமும், 150-வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று. 600 மீட்டர் உயரத்துக்குச் சூத்திரம் போட்டால் தொடுவானம் 87 கி.மீ. தள்ளி இருக்கிறது. அது முக்கால் டிகிரிக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்கியிருக்கும். சூரியன் அந்த முக்கால் டிகிரியைக் கடக்க 3 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கணக்கு கச்சிதமாக ஒத்துப்போகிறது.

சிக்னல் போகாத கடல்

விளக்குக்குப் பொருந்தும் கணக்கு வயர்லெஸ்ஸுக்கும் பொருந்தும். மீன்பிடிப் படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ, மொபைல் டவர், எல்லாமே நேர்கோட்டில் போகும் அலைகளை நம்பி இருப்பவை. ஒளியைவிட ரேடியோ அலை பூமியின் வளைவோடு இன்னும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதனால் 3.57 என்ற எண் ஏறக்குறைய 4.1 ஆகும். அவ்வளவுதான் சலுகை. கரையில் 50 மீட்டர் டவர், படகில் 4 மீட்டர் ஆன்டெனா என்றால், இரண்டும் பேசிக்கொள்ளக்கூடிய அதிகபட்சத் தூரம் 37 கி.மீ. அளவில்தான் வரும். மொபைல் சிக்னல் பெரும்பாலும் அதற்கும் வெகு முன்பே கைவிட்டுவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கிராமங்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்றவை. இங்கிருந்து போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குவார்கள். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயலாக மாறி கன்னியாகுமரிக்கு அருகே கடந்தபோது, இப்படிப் பல படகுகள் ஏற்கெனவே கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தன. கரையில் எச்சரிக்கை ஒலித்தது. டி.வி.யில் ஓடியது. போனில் வந்தது. கடலின் வளைவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. தமிழகம், கேரளம் இரண்டும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் வீடு திரும்பவில்லை.

அத்தனை உயிர்ச்சேதத்துக்கும் வடிவியலை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. எச்சரிக்கை எப்போது வந்தது, மீட்பு எவ்வளவு தாமதமானது என்ற கேள்விகள் அப்போதே எழுந்தன, அவை நியாயமான கேள்விகள். ஆனால், எச்சரிக்கை சீக்கிரமே வந்திருந்தாலும் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த படகுக்கு அதை எந்தக் கருவியில் சொல்லியிருக்க முடியும் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் படகை, கரையில் நிற்கும் ஒரு டவரால் எட்ட முடியுமா? சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். 200-ஐ 3.57-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3,100 மீட்டருக்கு மேல் வருகிறது. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். ரேடியோ அலை வளைந்துகொடுப்பதையும் படகின் ஆன்டெனா உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், டவர் 2 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் நிற்க வேண்டும். மின்சாரத்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. உயரம்தான் வேண்டும்.

அந்த உயரம் பூமியில் கிடையாது. அதனால்தான் செயற்கைக்கோள்.

பூமத்திய ரேகைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் சில செயற்கைக்கோள்கள் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. நமக்கு அவை ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும். அங்கிருந்து பூமிக்குத் தொடுகோடு வரைந்தால், செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து 81 டிகிரி தள்ளிப் போய்த் தொடும். இரண்டு பக்கமும் சேர்த்து 162 டிகிரி. 57 மீட்டர் விளக்கு 27 கிலோமீட்டருக்குப் போராடியது. இங்கே ஒரே வீச்சில் கிட்டத்தட்ட அரைப் பூமி. ஆனால் எவ்வளவு உயரம் போனாலும் முழுசாக அரைப் பூமி கிடைக்கவே கிடைக்காது. தொடுபுள்ளி 90 டிகிரியை நெருங்கிக்கொண்டே போகும், எட்டாது.

இந்த 162-ல் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூமத்திய ரேகையைச் சுற்றி 360 டிகிரி. இரண்டு செயற்கைக்கோள் வைத்தால் 324-தான். இடைவெளி விழும். மூன்று வைத்தால் போதும், மிச்சமும் இருக்கும். 1945-ல் இந்த உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று ஓர் ஆங்கில ரேடியோ இதழில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது ஒரு செயற்கைக்கோள்கூட வானத்தில் இல்லை. பிறகு இலங்கையில் குடியேறி, கடைசிவரை அங்கேயே வாழ்ந்த எழுத்தாளர் அவர். இரண்டு துருவங்களை ஒட்டிய பகுதி மட்டும் 81 டிகிரிக்கு அப்பால் இருப்பதால் இந்த மூன்றின் பார்வையிலும் படாது. நம் மீனவர்கள் அங்கே போவதில்லை.

2019 அக்டோபரில் மத்திய அரசு 'ஜெமினி' என்ற சின்னக் கருவியை அறிமுகப்படுத்தியது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. விமானங்களுக்கு வழிகாட்டும் 'ககன்' செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடங்களையும் ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு அனுப்பும். கருவி அதை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் மொபைலில் காட்டும். டவர் தேவையில்லை, நெட் தேவையில்லை. ஒரு குறை உண்டு. அது கேட்கும், பேசாது. படகில் எஞ்சின் நின்றுவிட்டது, ஆளுக்கு அடிபட்டுவிட்டது என்று கரைக்குச் சொல்ல அதில் வழியில்லை.

அதற்காக இஸ்ரோ உருவாக்கியது இரண்டு பக்கமும் பேசும் டிரான்ஸ்பாண்டர். நாடு முழுக்க 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இதை இலவசமாகப் பொருத்த 364 கோடி ரூபாயில் ஒரு திட்டம் நடக்கிறது. படகு எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் இருப்பவர்கள் பார்க்கலாம். வானிலை எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்பலாம். ஆபத்து என்றால் படகிலிருந்தும் செய்தி அனுப்பலாம். படகில் வீட்டு ஆள் யாராவது இருந்தால், அடுத்த முறை கடலுக்குக் கிளம்பும் முன், அந்தப் பெட்டி பொருத்தியாயிற்றா, வேலை செய்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.